கேத்தலில் படியும் வெள்ளை

உங்கள் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சில மாதங்கள் புழங்கிய கேத்தலாக இருந்தால் அடியில் சொரசொரவென்று வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். "இதைத்தானே தினமும் குடிக்கிறோம்? இதுதானே சிறுநீரகத்தில் கல்லாக மாறுகிறது?" என்று பெரியவர்கள் பலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் சரியான பதில் கிடைக்காவிட்டால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. சிலர் பயந்துகொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். வேறு சிலர், வாசலுக்கு வந்த விற்பனையாளரின் பேச்சை நம்பி, சேமநிதியிலிருந்து எடுத்து வைத்த பணத்தில் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு வடிகட்டி வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் நோய் தரக்கூடிய தண்ணீர்த் தொட்டியோ, பல ஆண்டுகளாகக் கழுவப்படாமல் கூரைக்கு மேல் கிடக்கிறது.

ஆகவே எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைப் பிரித்துச் சொல்லவே இந்தக் கையேடு. பேரப்பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொன்னாலும் சரி.

அந்த வெள்ளை எது?

மழைநீரில் தாதுக்கள் கிடையாது என்றே சொல்லலாம். அது மண்ணிலும் பாறையிலும் ஊறி ஆற்றுக்கோ கிணற்றுக்கோ வந்து சேரும் வழியில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. இவை அதிகமாக உள்ள நீர் கடின நீர். குறைவாக உள்ளது மென்னீர். தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது, கரைந்திருந்த கால்சியத்தில் ஒரு பகுதி பிரிந்து கேத்தலின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. முட்டை ஓடும் கேராங் சிப்பியின் ஓடும் பெரும்பாலும் இதே பொருளால் ஆனவை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும் இது நெருங்கிய உறவு.

மென்னீரைக் கொதிக்க வைத்தாலும் நாளடைவில் ஒரு மெல்லிய படலம் வரும். மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி ஊற்றிக் கொதிக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் நீர் ஆவியாகிப் போகும், தாது மட்டும் தங்கித் தங்கிச் சேரும். கேத்தலில் வெள்ளை இருப்பதை மட்டும் வைத்து உங்கள் வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று முடிவு செய்துவிட முடியாது.

தண்ணீர் கடினமானதா என்று பார்க்க, கருவி எதுவும் இல்லாமலேயே நம் வீட்டுப் பெண்களுக்கு வழி தெரிந்திருந்தது. கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது, திரிந்து வெள்ளைத் திப்பியாக மிதக்கும். துணி விறைப்பாகக் காயும். பருப்பு வேகத் தாமதமாகும். தேநீரின் மேல் ஆடை போல ஒன்று படரும். இன்றும் நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு போத்தல்களை எடுத்து, ஒன்றில் பிடித்து வைத்த மழைநீரையும் மற்றொன்றில் குழாய் நீரையும் பாதியளவு நிரப்புங்கள். கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். இரண்டிலும் நுரை ஏறக்குறைய ஒன்றுபோல் எழுந்தால் உங்கள் வீட்டில் வருவது மென்னீர். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பைப் போட்டால் வித்தியாசம் தெரியாது. அது கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் இதை ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். 60க்குக் கீழ் மென்னீர், 120க்கு மேல் கடினம், 180ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மலேசியாவின் தேசியக் குடிநீர்த் தர விதி, வீட்டுக்கு வரும் சுத்திகரிக்கப்பட்ட நீரில் 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதாவது ஒரு லிட்டரில் அரை கிராம்.

கெடாவில் நம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கம் இருப்பவர்களுக்கு மூடா ஆறு பழக்கமான பெயர். தெற்குக் கெடாவின் குடிநீருக்கு அதுவே பெரிய ஆதாரம். ஆற்றின் அந்தப் பக்கம் பினாங்கும் அதே நீரை எடுத்துக்கொள்கிறது. வறட்சிக் காலத்தில் ஆறு வற்றாமல் இருக்க, சீக் வட்டாரத்து பெரிஸ் அணையிலிருந்து நீர் திறந்து விடப்படுகிறது. வடக்கே பெடு, மூடா, ஆனிங் அணைகள் நெல் வயல்களுக்கும் குடிநீருக்கும் துணை நிற்கின்றன. நீரை எடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் பொறுப்பு ஷரிக்காட் ஆயர் டாருல் அமான், அதாவது சாடா நிறுவனத்தைச் சேர்ந்தது. சுகாதார அமைச்சு 1983 முதல் தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் தனியாக மாதிரி எடுத்துச் சோதித்து வருகிறது. விற்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்பது இதில் உள்ள நல்ல விஷயம்.

ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் ஆற்று நீர் பாறையோடு அதிக நேரம் தங்குவதில்லை. அதனால் நம் ஆறுகளின் நீர் பொதுவாக மென்மையானது. சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பதும் உங்களுக்குப் புதிது இல்லை. கலங்கல் நீரில் படிகாரத்தைச் சுற்றினால் மண் அடியில் தங்கும் என்பதை அந்தக் காலத்திலேயே அறிந்தவர்கள் நீங்கள். அங்கும் முதல் வேலை படிகாரம்தான். பிறகு மணல் வழியாக வடிகட்டி, கிருமியை அழிக்க குளோரின் சேர்க்கிறார்கள். கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பும் போடுவது உண்டு. மிக மென்மையான நீர் குழாயின் இரும்பை அரிக்கும் என்பதால், அதைத் தடுக்கவே சுண்ணாம்பு. நீரில் சுண்ணாம்பே இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிணற்று நீர் வேறு கதை. பாலிங் மலை, அலோர் ஸ்டாருக்கு அருகே கெரியாங் மலை, கோடியாங் குன்றுகள், லங்காவியின் கிலிம் பகுதி எல்லாம் சுண்ணாம்புக் கல். அந்தப் பக்கங்களில் கிணறோ துளைக்கிணறோ வைத்திருப்பவர்கள் கடின நீரைப் பார்த்திருப்பார்கள். கேத்தலில் அங்கே மெல்லிய படலம் வராது, ஓடு போலவே கட்டும். வினிகரும் நீரும் சம அளவு கலந்து ஊற்றி, கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும். எலுமிச்சைச் சாறும் இதற்கு உதவும். கரண்டியால் சுரண்டினால் கேத்தல்தான் பாழாகும்.

சிறுநீரகக் கல்

கடின நீர் குடிப்பதால் உடலுக்குக் கேடு என்று உலகச் சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. காரணம் எளிது. கால்சியமும் மக்னீசியமும் நமக்குத் தேவையான சத்துகள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விதி அனுமதிக்கும் உச்ச அளவான 500 மில்லிகிராம் கடினத்தன்மை, முழுவதும் கால்சியத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நீரில் ஒரு லிட்டர் குடித்தால் கிடைக்கும் கால்சியம் 200 மில்லிகிராம். ஒரு பெரிய குவளைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் உண்டு. பாலைக் கண்டு நாம் பயப்படுவதில்லை.

சிறுநீரகக் கல் உருவாக முக்கியமான காரணம் தண்ணீரில் உள்ள தாது அல்ல. தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியாவதுதான். உப்பு மிகுந்த சாப்பாடும் அதற்குத் துணை போகிறது. கல் வந்தவருக்கு மருத்துவர் முதலில் சொல்வது "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பதே. கல்லுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர், கல் வரும் வழியில்தான் போகிறார்.

வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். தாகம் எடுக்கவில்லை என்பதால் உடலுக்குத் தண்ணீர் போதும் என்று அர்த்தமில்லை. முழங்கால் வலி உள்ள அம்மாக்கள், அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று மாலையில் தண்ணீரையே தொடுவதில்லை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்களும் உண்டு. கிளினிக்கில் தாதியிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. காலையிலும் மதியத்திலும் கூடுதலாகக் குடித்து, இரவில் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் உடலில் உள்ளது. கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் போதவில்லை. இதய பலவீனத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் சிகிச்சை பெறுகிறவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிப்பதையும் குழாய் வாயில் வெள்ளை பூத்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் கறையும் எலும்பில் பாதிப்பும் உண்டானது உண்மை. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் கிணற்று நீர் குடித்த விவசாயிகள் பலருக்குச் சிறுநீரக நோய் வந்ததும் உண்மை. நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, பூச்சிமருந்து, வெயிலில் உழைப்பது என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள், முடிவு இன்னும் எட்டப்படவில்லை. அவையெல்லாம் அந்தந்த மண்ணின் நிலத்தடி நீரைப் பற்றிய செய்திகள். கைப்பேசியில் சுற்றி வரும்போது ஊர்ப்பெயர் உதிர்ந்துவிடுகிறது, பயம் மட்டும் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மூடா ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

நமக்குப் பொருந்துவது வேறு. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் நீரிழிவு. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் 10 பேரில் 3 பேருக்கு நீரிழிவு இருந்தது. தண்ணீரை வடிகட்டச் செலவிடும் கவலையில் ஒரு பங்கை இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் செலவிட்டால் சிறுநீரகம் பிழைக்கும்.

"டயாலிசிஸ் சென்டரில் வடிகட்டித்தானே ஊற்றுகிறார்கள்?"

சொந்தக்காரரை டயாலிசிசுக்கு அழைத்துப் போகிறவர்கள் அங்கே பின்னறையில் பெரிய நீர்ச் சுத்திகரிப்புப் பொறியைப் பார்த்திருப்பார்கள். "குழாய்த் தண்ணீர் நல்லதென்றால் இது எதற்கு?" என்று தோன்றும். நாம் குடிக்கும் நீர் குடல் வழியாகப் போகிறது. வேண்டியதை எடுத்து வேண்டாததைத் தள்ளும் வேலையைக் குடல் பார்த்துக்கொள்கிறது. டயாலிசிசில் ஒரு நாலு மணி நேரத்துக்குள் 120 லிட்டர் அளவு நீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் இரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது. குளோரினும் அலுமினியமும் அங்கே நேரே இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே அந்த நீருக்கு வேறு தரம் தேவை. அதே நோயாளி வீட்டுக்கு வந்து, தமக்குச் சொல்லப்பட்ட அளவுக்குள், கொதிக்க வைத்த குழாய் நீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

இரண்டு குவளை வித்தை

இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் போவது இங்கேதான். விற்பனையாளர் இரண்டு குவளைகளை மேசைமேல் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய் நீர், மற்றதில் அவருடைய வடிகட்டிய நீர். உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். சில நிமிடங்களில் உங்கள் நீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கிச் சாக்கடை போல ஆகிவிடும். அவருடையது தெளிவாகவே இருக்கும். "பார்த்தீர்களா அம்மா, இதைத்தான் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்" என்பார்.

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்தது இல்லை. அது கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. நீரில் தாது கரைந்திருந்தால்தான் மின்சாரம் பாயும், பாய்ந்தால்தான் கம்பி கரையும். வடிகட்டிய நீரில் தாது அநேகமாக இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அவ்வளவுதான் விஷயம். நம்பிக்கை வராவிட்டால் அவருடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கருவியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடை நிறமாகிவிடும். பிறகு இரண்டையும் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

பேனா போன்ற இன்னொரு கருவியை நீரில் தொட்டு எண் காட்டுவதும் உண்டு. அது நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எண் அதிகமென்றால் விஷம் என்று சொல்வாரானால், அதை இளநீரில் வைக்கச் சொல்லுங்கள். குழாய் நீரைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டும்.

வடிகட்டியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய குழாயிலிருந்து வரும் துருவையும் மண்ணையும் பிடிக்க, வாசலில் சாதாரண வடிகட்டி பயன்படும். குளோரின் வாடை பிடிக்காதவர்களுக்குக் கரி வடிகட்டி உதவும். ஆனால் குளோரினை எடுத்துவிட்ட நீருக்குப் பாதுகாப்பும் போய்விடுகிறது; அதைக் கொதிக்க வைக்காமல் நாள்கணக்கில் வைத்துக் குடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்றாவிட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும். கடினத்தைப் போக்கும் பொறிகளில் பெரும்பாலானவை கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை, அதாவது உப்பின் பகுதியை, நீரில் விடுகின்றன. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த நீரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளட்டும்.

வீடு தேடி வந்தவரிடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுப் பிள்ளைகளிடம் மறைத்து நாளைக் கடத்திவிடாதீர்கள்.

போத்தல் தண்ணீரும் இதே கதைதான். மலேசியாவில் வெள்ளை மூடி போட்டது சாதாரணக் குடிநீர், நிற மூடி போட்டது இயற்கைக் கனிம நீர். கனிம நீர் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதில் இருப்பதும் கால்சியமும் மக்னீசியமும்தான். கேத்தலில் கண்டு பயந்த அதே பொருள்கள்.

பழுப்பு நீர், பழைய தொட்டி

இப்போது, உண்மையில் கவனம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நீராகவே புறப்படுவது, உங்கள் குவளைக்கு வரும் வழியில் கெடலாம். கெடாவில் பல குழாய்கள் மிகப் பழையவை. சுத்திகரித்து அனுப்பும் நீரில் ஏறக்குறைய பாதி, கசிவினாலும் உடைப்பினாலும் பிற காரணங்களாலும் கணக்கில் வராமல் போகிறது. குழாய் உடைந்து அழுத்தம் குறையும்போது வெளி மண்ணும் அழுக்கும் உள்ளே புக வழி ஏற்படுகிறது. தண்ணீர் நின்று மறுபடி வரும்போது பழுப்பாக வருவது, குழாயில் படிந்திருந்த துருவும் வண்டலும் கிளம்பி வருவதால்.

அப்படி வந்தால் வாசல் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓட விடுங்கள். அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். தெளிந்த பிறகும் அன்று முழுவதும் கொதிக்க வைக்காத நீரைக் குடிக்க வேண்டாம். அடுத்த நாளும் பழுப்பாகவே இருந்தால் சாடாவின் மாதக் கட்டண ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானிடம் கொண்டு போக அந்த எண் தேவைப்படும்.

பால் போல வெண்மையாக வந்து, குவளையில் வைத்த ஒரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. கவலைப்பட ஒன்றுமில்லை.

குளோரின் வாடையைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பதே விதி. வழியில் கிருமி சேர்ந்தால் அதை அழிக்கும் காவல் அதுதான். வாடை பிடிக்காவிட்டால் மூடியில்லாத கூஜாவில் ஒரு மணி நேரம் வையுங்கள், அல்லது கொதிக்க வையுங்கள், போய்விடும்.

தாமான் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைக் குழாய் நேரே பிரதான குழாயிலிருந்து வரும். குளியலறைக்கும் மற்ற இடங்களுக்கும் கூரைமேல் உள்ள தொட்டியிலிருந்து வரும். குடிக்கவும் சமைக்கவும் சமையலறைக் குழாயையே பயன்படுத்துங்கள். தொட்டியின் மூடி சரியாக இல்லாவிட்டால் பல்லியும் கரப்பானும் விழும், கொசு முட்டையிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். ஆனால் நீங்கள் ஏறாதீர்கள். தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறி இடுப்பை முறித்துக்கொள்வது, தொட்டி நீரால் வரும் எந்த நோயையும்விட மோசமானது. மகனையோ பக்கத்து வீட்டு இளைஞரையோ கூப்பிடுங்கள்.

கொதிக்க வைப்பதில் ஒரு சின்னத் திருத்தம். பத்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் கிருமிகள் செத்துவிடும். அதற்கு மேல் போவது கேஸ். ஆற வைத்து, மூடிய சுத்தமான பாத்திரத்தில் வைத்து, ஒரே நாளில் குடித்து முடியுங்கள். ஊறுகாய் ஜாடிக்குக் காட்டும் கவனத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் காட்டுங்கள். ஈரக் கையை விட்டு மொண்டு எடுக்க வேண்டாம்.

தோட்டத்துக் கிணறும் மலைத் தண்ணீரும்

இன்னும் தோட்ட லயத்தில் குடியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய் நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. நீங்கள் அதை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. நீர் வராவிட்டாலோ கலங்கலாக வந்தாலோ தொழிலாளர் இலாகாவிடமும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடமும் சொல்லலாம்.

கிணற்றிலும் மலை ஓடையிலும் வரும் நீரில் குளோரின் கிடையாது. எவ்வளவு தெளிவாக, எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கழிப்பறைக் குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். ரப்பரோ செம்பனையோ, பக்கத்தில் உரமும் களைக்கொல்லியும் அடிக்கும் இடமானால் மழைக்குப் பின் அவை கிணற்றில் இறங்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் உரமும் மருந்தும் போகாது. நீர் ஆவியாவதால் அவை இன்னும் செறிவாகவே செய்யும். அப்படிப்பட்ட கிணற்றைச் சோதித்துப் பார்க்காமல் குடிக்கக் கூடாது.

மருந்து டிரம் விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம். களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் டிரம்மைக் கழுவி மழைநீர் பிடித்து வைப்பது பழைய வழக்கம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அது வந்த டிரம்கள் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் கிடக்கலாம். எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிநீரோ குளிக்கும் நீரோ வைக்காதீர்கள். வேறு எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி குத்தி ஓட்டையாக்கி அப்புறப்படுத்துங்கள்.

வெள்ளம் வடிந்த வாரங்களில் கிணறு மிகவும் ஆபத்தானது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையும் சேறுமாக வெள்ளம் இறங்கி யான் வட்டாரத்தைத் தாக்கியது. 2022 ஜூலை 4 அன்று பாலிங்கில், கூப்பாங் பகுதியைச் சேற்று வெள்ளம் புரட்டிப் போட்டது. இப்படிப்பட்ட நாட்களில் கழிப்பறைக் குழி, எலியின் சிறுநீர், செத்த விலங்கு எல்லாம் கிணற்றில் கலக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் பின்னால் வரும். வெள்ளம் புகுந்த கிணற்று நீர் தெளிந்துவிட்டது என்று குடிக்கத் தொடங்காதீர்கள். எங்கள் அதிகாரிகள் வந்து குளோரின் போட்டு, சோதித்து, சரி என்று சொல்லும்வரை லாரியில் வரும் நீரையோ போத்தல் நீரையோ குடியுங்கள். சேற்றைக் கழுவும்போது காலில் பூட்ஸ் இருக்கட்டும். சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவர்கள் அந்த வேலையில் இறங்கவே வேண்டாம். வெள்ளத்துக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ள நீரில் கால் வைத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிணற்றுக் கடின நீரில் குளித்து உடம்பு அரிக்கிறது என்பவர்களுக்கு: முதுமையில் தோல் தானாகவே வறண்டுபோகும். கடின நீரில் சவர்க்காரம் திரிந்து தோலில் ஒட்டிக்கொள்வதால் அரிப்பு கூடும். சவர்க்காரத்தைக் குறைத்து, நன்றாக அலசி, ஈரம் காயும்முன் தேங்காயெண்ணெயோ மருத்துவர் தரும் களிம்போ தடவிப் பாருங்கள்.

உங்கள் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டுமென்றால் குளிர்பானப் போத்தலில் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வராதீர்கள். அந்தப் போத்தலில் இருக்கும் கிருமியே முடிவைக் கெடுத்துவிடும். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் முகவரியையும், கிணறு எத்தனை ஆண்டுப் பழையது, கடைசியாக எப்போது வெள்ளம் ஏறியது, வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்பதையும் சொல்லுங்கள். சுகாதார அதிகாரி கிருமி நீக்கிய போத்தலோடு வந்து, அவரே நீர் எடுப்பார்.